இப்போது யாருடைய முறை?

என் அக்கா மகனுக்கு 14 வயது. கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன், முதல் நாளே ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ விளையாட உட்கார்ந்தான். மூன்றாம் நாள் மாலை கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். “மாமா, என் விரலுக்கு வேகம் போதவில்லை. எல்லோரும் குதித்துக் குதித்து அடிக்கிறார்கள். நான் பட்டனை அழுத்துவதற்குள் அடி விழுந்துவிடுகிறது” என்றான். கண் கலங்கியிருந்தது.

சண்டை விளையாட்டுகளுக்குள் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். விரல் வேகம் வேண்டும், காம்போ எனப்படும் நீளமான தொடர் அடிகளை மனப்பாடம் செய்ய வேண்டும், சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தருகிறது. அவர்கள் தோற்பதற்குக் காரணம் விரல் இல்லை. இந்த விளையாட்டிலும் முறை என்று ஒன்று உண்டு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சதுரங்கத்தில் யாருடைய முறை என்ற சந்தேகமே வராது. நீங்கள் காயை நகர்த்தினால் அடுத்து எதிராளி நகர்த்துவார். சண்டை விளையாட்டில் இருவரும் எந்த நேரத்திலும் எந்தப் பட்டனையும் அழுத்தலாம். அதனால் முறை என்பதே இல்லை என்று தோன்றும். உண்மையில் ஒரு நொடிக்குள்ளேயே அது பலமுறை கைமாறுகிறது. திரையில் அதை யாரும் எழுதிக் காட்டுவதில்லை. தன் முறை அல்லாதபோது அழுத்துகிறவருக்கு அடி விழுகிறது. தன் முறை வந்தும் சும்மா இருக்கிறவர், வந்த வாய்ப்பை விட்டுவிடுகிறார். தொடக்கநிலை ஆட்டக்காரரின் தோல்விகளில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டுக்குள் அடக்கிவிடலாம்.

நொடியை அறுபதாக வெட்டினால்

இந்த விளையாட்டுகள் நொடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஓடுகின்றன. ஒரு படத்துக்கு ஃபிரேம் என்று பெயர். ஒரு ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 17 மில்லி விநாடி. அவ்வளவு சின்ன அளவு நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். விளையாட்டு தன் நியாயத்தை அளப்பது அந்தப் படியால்தான். அதனால் அதை ஒருமுறையாவது புரிந்துகொள்ள வேண்டும்.

இருந்த இடத்திலிருந்தே காற்றில் ஒரு குத்து விட்டுப் பாருங்கள். முதலில் கை கிளம்புகிறது. அடுத்து கை முழுதாக நீண்டு, யாராவது முன்னால் இருந்தால் படுகிற கணம் வருகிறது. பிறகு கை பழைய இடத்துக்குத் திரும்புகிறது. விளையாட்டில் உள்ள ஒவ்வொரு அடிக்கும், அது சின்னக் குத்தோ பெரிய உதையோ, இந்த மூன்று பகுதிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஃபிரேம் என்று கணக்கும் உண்டு. கை திரும்பும் நேரத்தில் உங்களால் எதுவும் செய்ய முடியாது. தடுக்க முடியாது, குதிக்க முடியாது, நகரக்கூட முடியாது. விளையாட்டு முழுவதும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ ஆட்டத்தில் பெரும்பாலான பாத்திரங்களின் சின்னக் குத்து நான்காவது ஃபிரேமில் படுகிறது. பெரிய அடிகள் கிளம்ப அதைப்போல் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் நேரம் எடுத்துக்கொள்கின்றன, திரும்பவும் நேரமாகிறது. வலி அதிகம், ஆபத்தும் அதிகம்.

இப்போது முறைக்கு வருவோம். நீங்கள் அடித்தீர்கள், எதிராளி தடுத்துவிட்டார். உங்கள் கை திரும்பிக்கொண்டிருக்கிறது. தடுத்த அதிர்வில் அவரும் சில ஃபிரேம்கள் அசைய முடியாமல் நிற்கிறார். இருவரில் யார் முதலில் விடுபடுகிறாரோ அவருக்கே அடுத்த முறை. அவர் உங்களைவிட 2 ஃபிரேம் முன்னதாக விடுபட்டால், உங்கள் அடியை ‘மைனஸ் 2’ என்பார்கள். நீங்கள் 3 ஃபிரேம் முன்னதாக விடுபட்டால் அது ‘பிளஸ் 3’.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் அடி மைனஸ் 2. இருவரும் உடனே 4 ஃபிரேம் குத்தை விடுகிறீர்கள். அவருடையது நான்காவது ஃபிரேமில் படும். நீங்கள் 2 ஃபிரேம் தாமதமாகத் தொடங்குவதால் உங்களுடையது ஆறாவதில்தான் படும். அதற்கு முன்பே நீங்கள் அடி வாங்கியிருப்பீர்கள். இதையே திருப்பிப் போடுங்கள். உங்கள் அடி பிளஸ் 3. நீங்கள் 6 ஃபிரேம் எடுக்கும் நடுத்தரக் குத்தை விடுகிறீர்கள். அவர் தன்னுடைய வேகமான 4 ஃபிரேம் குத்தை விடுகிறார். உங்களுடையது ஆறாவதில் படுகிறது, அவருடையது மூன்றும் நான்கும் ஏழாவதில். மெதுவான அடி வேகமான அடியை வென்றுவிட்டது. இருவரின் விரலும் ஒரே வேகத்தில் அசைந்தாலும் இதுதான் நடக்கும். “அவர் எப்போதும் எனக்கு முந்திவிடுகிறார்” என்று தொடக்கநிலை ஆட்டக்காரர் புலம்புவதற்குப் பெரும்பாலும் இந்தக் கூட்டல்தான் காரணம்.

மைனஸ் அளவு பெரிதாகிவிட்டால் அது முறையோடு நிற்காது, தண்டனையாகிவிடும். ரியூ, கென் என்ற பாத்திரங்கள் வானத்தை நோக்கி விடும் ஷோர்யுகென் குத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுத்துவிட்டால், குத்தியவர் 20 ஃபிரேமுக்கும் மேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம். அந்த நேரத்தில் எதிராளி தன்னிடம் உள்ள வலிமையான அடியை நிதானமாகத் தேர்ந்தெடுத்து அடிக்கலாம். அக்கா மகன் ஒரு சுற்றில் ஏழு முறை ஷோர்யுகென் விட்டான். பார்க்க அழகான அடி அல்லவா! அதில் ஐந்தை எதிராளி தடுத்தான். ஆனால் ஒருமுறைகூடத் திருப்பி அடிக்கவில்லை. அவனும் புதியவன், அது தன் முறை என்று அவனுக்கும் தெரியவில்லை.

இந்த எண்களையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பயிற்சி அறையில் ஃபிரேம் அளவுகோல் ஒன்று திரையில் ஓடும். அதை இயக்கிவிட்டு, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நான்கைந்து அடிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தடுக்கப்பட்ட பிறகு தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்று தெரிந்தால் போதும். பெரிய உதை என்றால் நிறுத்து, இந்தக் குத்து என்றால் தொடரலாம் என்கிற அளவில் கை பழகிவிடும்.

குதிக்கிறவருக்கு என்ன பதில்?

மருமகனின் கேள்விக்கு வருகிறேன். கண்ணால் ஒன்றைக் கண்டு விரல் அசைய மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி விநாடி ஆகிறது. ஃபிரேமில் சொன்னால் 12 முதல் 15. ஆகவே 4 ஃபிரேம் குத்தைப் பார்த்துத் தடுக்க உலகில் யாராலும் முடியாது. வல்லவர்களும் அதை முன்கூட்டி எதிர்பார்த்துத்தான் தடுக்கிறார்கள். ஆனால் ஒரு குதி ஏறத்தாழ முக்கால் நொடி நீடிக்கிறது. 45 ஃபிரேமை ஒட்டி வரும். அது பார்த்துப் பதில் சொல்லக்கூடிய ஒன்று. அப்படியிருந்தும் அவனால் ஏன் முடியவில்லை?

அவன் தோற்ற ஆட்டத்தின் பதிவை மெதுவாக ஓடவிட்டு இருவரும் பார்த்தோம். எதிராளி கென், இவன் ரியூ. இரண்டு பேருக்கும் நடுவே நல்ல இடைவெளி. இவன் உதைக்கிறான், யார் மீதும் படவில்லை. மறுபடியும் உதைக்கிறான். மூன்றாவது உதையில் ரியூவின் கால் நீண்டிருக்கும்போது கென்னின் பாதம் தரையை விட்டுக் கிளம்புகிறது. கால் மடங்கித் திரும்புவதற்குள் கென் பாதி தூரம் வந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் இவன் விரலுக்கு வேலையே தொடங்குகிறது. பதிவை நிறுத்தி, “கென் கிளம்பும்போது உன் கால் எங்கே இருக்கிறது பார்” என்றேன். சிறிது நேரம் பேசாமல் பார்த்தான். பிறகு, “நான் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறேன்” என்றான்.

இன்னொன்றும் கேட்டேன். “ஆடும்போது யாரைப் பார்க்கிறாய்?” யோசித்துவிட்டு, “ரியூவை” என்றான். புதியவர்கள் எல்லோரும் தங்கள் பாத்திரத்தைத்தான் பார்ப்பார்கள். அது என்ன செய்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், நீங்கள்தானே அழுத்துகிறீர்கள்! கண் இருக்க வேண்டிய இடம் எதிராளியின் பக்கம்.

அடுத்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். நடுவில் நின்று காற்றை உதைக்கக் கூடாது. நடக்கலாம், உட்கார்ந்து தடுக்கலாம். எதிராளி தரையை விட்டால் மட்டும் கீழே அழுத்திப் பெரிய குத்து. ரியூவின் அந்தக் குத்து மேல்நோக்கி எழும். குதித்து வருகிறவரை அது தட்டிவிடும். பொத்தான் முறைகளில் ‘மாடர்ன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தவர்கள், முன்பக்கத்தோடு சிறப்பு அடிக்கான பட்டனை அழுத்தினாலே ஷோர்யுகென் வந்துவிடும். எளிய முறையில் ஆடுவது குறைவானது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். யோசிக்க வேண்டியதை அது உங்களுக்குப் பதிலாக யோசித்துத் தராது.

அந்த ஆட்டத்தில் அவன் தோற்றான். ஆனால் ஐந்து குதிகளைத் தட்டிவிட்டான். அதற்கடுத்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று நடந்தது. மூன்று முறை அடி வாங்கிய பிறகு எதிராளி குதிப்பதையே நிறுத்திவிட்டான். நடந்து வரத் தொடங்கினான். இவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் எதிராளி அடுத்த கேள்வியை எடுத்துக்கொள்வான். இதற்காகத்தான் நான் இந்த விளையாட்டை விரும்புகிறேன்.

நடந்து வருகிறவர் கேட்கும் கேள்வி வேறு. அருகில் வந்து அடிக்கலாம், நீங்கள் தடுத்துக்கொள்வீர்கள். தடுத்துக்கொண்டே இருந்தால் பிடித்து எறிவார். த்ரோ எனப்படும் இந்தப் பிடியைத் தடுப்பால் நிறுத்த முடியாது. அதே கணத்தில் நீங்களும் த்ரோ பட்டனை அழுத்தினால்தான் விடுபடலாம். பிடிக்க வருகிறவரை வேகமான குத்து முந்திவிடும். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ ஆட்டத்தில் பிடிக்கு 5 ஃபிரேம், சின்னக் குத்துக்கு 4. அடியைத் தடுப்பு வெல்லும், தடுப்பைப் பிடி வெல்லும், பிடியை அடி வெல்லும். இந்த வட்டத்தை உடைக்க வழியில்லை. எல்லாச் சண்டை விளையாட்டுகளும் ஏதோ ஒரு வடிவில் இதன் மேல்தான் நிற்கின்றன. தடுப்பே பாதுகாப்பு என்று நம்பி மூலையில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பத் திரும்ப எறியப்படுவதும், அதை அநியாயம் என்று நினைப்பதும் இந்த வட்டம் தெரியாததால்தான்.

தடுக்கும்போது எந்த உயரத்தில் தடுப்பது என்பதும் முக்கியம். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வகையில் பின்பக்கமும் கீழுமாக அழுத்தி உட்கார்ந்து தடுப்பதே இயல்பு நிலை. குதித்து வரும் அடிக்கும் தலைக்கு மேலிருந்து விழும் சில அடிகளுக்கும் மட்டும் எழுந்து நிற்க வேண்டும். ‘டெக்கன்’ என்ற இன்னொரு சண்டை விளையாட்டு இதற்கு நேர்மாறானது. அங்கே நடு உயரத்தில் வரும் அடி உட்கார்ந்திருப்பவரின் மேல் பட்டுவிடும். ஆகவே நின்று தடுப்பதே அங்கு இயல்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் முதல் வாரம் திணறுவது இதனால்தான்.

மெதுவான கேள்விகளுக்குப் பார்த்துப் பதில் சொல்லலாம், வேகமானவற்றை எதிர்பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ ஆட்டத்தில் புதியவர்களை வாட்டி எடுக்கும் ‘டிரைவ் இம்பாக்ட்’ 26 ஃபிரேம் எடுக்கிறது. வண்ணம் தெறிக்க முழு உடலோடு வரும் அந்த அடி உங்கள் சின்ன அடிகளை வாங்கிக்கொண்டே உள்ளே வரும். பார்த்த மாத்திரத்தில் நீங்களும் அதையே விட்டால் பின்னால் விட்டவருக்கே வெற்றி. பயிற்சி அறையில் பொம்மை எதிராளியை, இடையிடையே இதைச் செய்யும்படி பதிவுசெய்து, தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

எதிர்பார்த்தல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு காட்சி உண்டு. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டி. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்டு ஸ்ட்ரைக்’ ஆட்டத்தில் ஜப்பானின் டைகோ உமெஹாரா கென்னாகவும், அமெரிக்காவின் ஜஸ்டின் வோங் சுன்-லியாகவும் ஆடினார்கள். டைகோவிடம் மிச்சமிருந்தது ஒரு துளி உயிர். இந்த ஆட்டத்தில் சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும். ஆக, தடுத்தாலும் அவர் தோற்பார். ஜஸ்டின் தன்னுடைய மாபெரும் உதைத் தொடரை விட்டார். அடி படும் கணத்தில் சரியாக முன்பக்கம் தட்டினால் சேதமே இல்லாமல் தட்டிவிடும் வசதி அந்த ஆட்டத்தில் உண்டு. டைகோ அந்தத் தொடரின் 15 உதைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, கடைசி உதையைக் குதித்துத் தட்டி, இறங்கும்போதே திருப்பி அடித்து வென்றார். அரங்கம் எழுந்து நின்று கத்தும் சத்தத்தை இன்றும் காணொளியில் கேட்கலாம். எல்லோரும் அந்த விரல்களைப் புகழ்கிறார்கள். நான் மருமகனுக்குக் காட்டியது அதற்கு முந்தைய சில நொடிகளை. ஜஸ்டினுக்கு அப்போது கேட்க ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியிருந்தது. அது வரும் என்று தெரிந்து, அது வருவதற்கு வசதியான தூரத்தில் டைகோ நிற்கிறார். இறுதி ஆட்டத்தில் டைகோ தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சியின் ஒளி அதனால் குறையவில்லை.

தூரம் என்று சொன்னேன். இதைப் புரிந்துகொள்ளக் கபடி பார்த்த கண் இருந்தால் போதும். பாடி வருகிறவர் காலை நீட்டுகிறார். எட்டவில்லை. நீட்டிய கால் திரும்புவதற்குள் பிடிக்கிறவர்கள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிடுகிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பாதிக் காலை நீட்டுவதுபோல் காட்டி, பிடிக்க வருகிறவரை முன்னால் இழுக்கிறார்கள். சண்டை விளையாட்டில் இரண்டு பேர் அடிக்காமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் அலுப்பாகத் தெரியும். அவர்கள் செய்வது இதைத்தான். எதிராளியின் நீளமான உதை எட்டும் இடத்துக்கு ஒரு சாண் வெளியே நின்று, அது காற்றில் போகும்படி செய்து, திரும்பும் காலை அடிக்கப் பார்க்கிறார்கள். முன்பு சொன்ன அந்தக் கை திரும்பும் நேரம்தான் இங்கும் வேலை செய்கிறது. அங்கே எதிராளியின் தடுப்பு, முறையை மாற்றியது, இங்கே வெறும் இடைவெளி மாற்றுகிறது.

காம்போ பிறகு

காம்போ பற்றி இவ்வளவு நேரம் பேசாமலிருந்தது தெரிந்தே செய்ததுதான். ஓர் அடி பட்டு எதிராளி தடுமாறும் நேரத்துக்குள் அடுத்த அடி படும்படி கோப்பதே காம்போ. முதல் அடி படாமல் காம்போ இல்லை. முதல் அடியை எப்படிப் பட வைப்பது என்று தெரியாதவர் பத்து அடிக் காம்போவை மனப்பாடம் செய்வது, பெண் பார்க்கப் போகாமலே பந்தல் போடுவதைப் போன்றது. மூன்று அடிகள் கொண்ட ஒன்றே ஒன்றைப் பழகிக்கொண்டு முதல் மாதத்தை ஓட்டலாம்.

காம்போ பிறந்த கதையே இந்த வரிசையைத்தான் சொல்கிறது. 1991இல் காப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்தை உருவாக்கியபோது அப்படி ஒன்றைத் திட்டமிடவே இல்லை. காரை உடைக்கும் போனஸ் சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிஸு, நேரம் சரியாக அமைந்தால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். சாதாரண ஆட்டக்காரர் யாருக்கும் இது கைவராது என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்ததை அடுத்தவருக்குச் சொன்னார்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்வது

இந்த விளையாட்டு அன்றிலிருந்து இன்றுவரை கேட்டும் சொல்லியும்தான் வளர்ந்திருக்கிறது. இதற்கு நம் பக்கத்து நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ ஜப்பான் போட்டியில் ‘டெக்கன் 7’ பட்டத்தை வென்றார். சர்வதேச மேடையில் அவரை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அதே ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவையும் வென்றார். முதல் வெற்றிக்குப் பிறகு அவர் சொன்னதுதான் எல்லோரையும் வியக்க வைத்தது: தன் நாட்டில் தன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார். அதை நேரில் பார்க்கக் கொரியாவின் முன்னணி வீரரே பாகிஸ்தானுக்குப் போனார். விளையாட்டுக் கூடங்களில் நாள்தோறும் ஒரே கூட்டம் தங்களுக்குள் மோதி, தோற்றவர் வென்றவரிடம் கேட்டு, மறுநாள் பதிலோடு வந்து வளர்ந்த ஊர் அது.

ஆனால் கேட்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். “கென்னை எப்படி வெல்வது?” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. “கென் மோசம், அவன் வலிமையைக் குறைக்க வேண்டும்” என்பது கேள்வியே இல்லை. “கென் ஓடிவந்து உதைத்தான், நான் தடுத்தேன், உடனே சின்னக் குத்து விட்டேன், அவன் அடுத்த அடி என்னை முந்திவிட்டது. அங்கே யாருடைய முறை?” என்று கேளுங்கள். எந்த அனுபவசாலியும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். என்ன பட்டது, நீங்கள் தடுத்தீர்களா வாங்கினீர்களா, அதன் பிறகு எதை அழுத்தினீர்கள் என்ற மூன்றையும் சொல்ல முடிந்தால், பாதிப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே வந்துவிடும். நான் கேட்கப் போய், கேள்வியை எழுதி முடிக்கும்போதே விடை தெரிந்து அழித்த நாட்கள் உண்டு.

பிறர் எழுதும் பதிலைப் படிக்க ஒரு குறியீடு தெரிந்திருக்க வேண்டும். கணினி விசைப்பலகையின் வலப்பக்கம் உள்ள எண்களைப் பாருங்கள். நடுவில் 5, மேலே 8, கீழே 2, வலப்புறம் 6, இடப்புறம் 4. உங்கள் பாத்திரம் வலப்பக்கம் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டு, திசைகளை இந்த எண்களால் குறிப்பார்கள். 5 என்றால் எதையும் அழுத்தாத நிலை. ரியூ கையிலிருந்து நெருப்புப் பந்தை விடும் ஹடோகென்னுக்குக் கீழ், கீழ்-முன், முன் என்று உருட்ட வேண்டும், அது 236. ஷோர்யுகென்னுக்கு முன், கீழ், கீழ்-முன், அது 623. குதிப்பவரைத் தட்டிய ரியூவின் அந்தக் குத்து ‘2 பெரிய குத்து’, அதாவது கீழே அழுத்திப் பெரிய குத்து. முதல் பார்வைக்குப் பூட்டின் எண் போலத் தோன்றினாலும், ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடும். ஜப்பானியரும் கொரியரும் பிரேசில்காரரும் எழுதியதைப் படிக்கும் சாவி அது.

எல்லாவற்றையும்விடப் பயன் தந்த ஒரு கேள்வியைச் சொல்கிறேன். உங்களை வென்றவரிடம், ஆட்டம் முடிந்த கையோடு, “நான் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன்?” என்று கேளுங்கள். நான் முதன்முறை கேட்டபோது எதிரே இருந்தவர் தயங்கவே இல்லை: “நீங்கள் விழுந்து எழும்போதெல்லாம் உதைக்கிறீர்கள். நீங்கள் எழும் இடத்தில் என் அடியை முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.” நான் அப்படி உதைப்பது எனக்கே தெரியாது. ஒரு வாரம், விழுந்தால் எதையும் அழுத்தாமல் தடுத்துக்கொண்டு மட்டும் எழுந்தேன். அதற்குப் பிறகு என் ஆட்டமே வேறானது. வென்றவர்கள் பொதுவாக மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். இத்தனை ஆண்டுகளில் முகம் சுளித்தவர் ஒரு சிலரே.

இணையத்தில் ஆடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஆட்டங்களில் எதிராளியின் பட்டன் செய்தி வந்து சேரும்வரை விளையாட்டு காத்திருக்கும். அதனால் எல்லாம் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். இப்போதைய ஆட்டங்கள் ரோல்பேக் முறையில் ஓடுகின்றன. எதிராளி என்ன அழுத்துவார் என்று ஊகித்துக்கொண்டு விளையாட்டு நிற்காமல் ஓடும். ஊகம் தவறினால் சில ஃபிரேம்கள் பின்னே போய்த் திருத்திக்கொள்ளும். ஈவோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி கேனன் எழுதிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள்தான் இதைப் பரவலாக்கியது. உங்களால் முடிந்தது ஒன்று உண்டு: வைஃபையை விட்டுக் கேபிளில் இணையுங்கள். உங்கள் எதிராளியும் நன்றி சொல்வார்.

எந்த ஆட்டத்தில் தொடங்குவது, எந்தப் பாத்திரம் என்பதில் நான் அதிகம் மெனக்கெடச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில், உங்கள் நண்பர்கள் எதை ஆடுகிறார்களோ அதுவே நல்ல ஆட்டம். கேட்க ஆள் இருப்பார்கள். பார்த்ததும் பிடித்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் மாற்றாமல் இருங்கள். ‘டெக்கன் 8’ எடுத்தவர்கள், தங்கள் பழைய ஆட்டத்தின் பதிவுக்குள்ளேயே புகுந்து, தோற்ற அந்தக் கணத்திலிருந்து மறுபடி ஆடிப் பார்க்கும் வசதியைத் தவறவிடாதீர்கள்.

விடுமுறை முடிந்து மருமகன் ஊருக்குப் போய்விட்டான். சென்ற வாரம் பத்து நொடிக் காணொளி ஒன்றை அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: “மாமா, அவன் த்ரோவிலிருந்து மூன்று முறை விடுபட்டேன். நான்காவது முறை அருகில் வந்தான், எறியவில்லை, பின்னால் நகர்ந்துவிட்டான். என் கை காற்றைப் பிடித்தது, அப்போது அடித்துவிட்டான். சரி என்று அடுத்த முறை நான் எதையும் அழுத்தாமல் இருந்தேன். எறிந்துவிட்டான். நான் என்ன நினைக்கிறேன் என்று அவனுக்குத் தெரிகிறது. அவன் என்ன நினைக்கிறான் என்று நான் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?”

எறிந்த அந்த முறை நீ மூலையில் இருந்தாயா, நடுவிலா என்று கேட்டு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “மூலையில். பின்னால் நகர்ந்தபோது நடுவில். இருங்கள் மாமா, மற்ற ஆட்டங்களையும் பார்த்துவிட்டு வருகிறேன்.”